பூத்தும் காய்க்காத சுரபுன்னை

மரம் நடுதல் நமது பஞ்சாயத்துக்களுக்குப் புதிய பணியன்று. ஏரிக்கரையில் கருவேலும், சாலையோரத்தில் புளியும் புங்கமும், பொது இடங்களில் வேம்பும் நட்டுப் பேணிய அனுபவம் கிராமங்கள்தோறும் உண்டு. ஒரு வகை மரம் குறைந்துபோனால் அதன் விதையைத் திரட்டுகிறோம். நாற்றங்காலில் முளைக்க வைக்கிறோம். மழை தொடங்கியதும் குழியெடுத்து நடுகிறோம். சில ஆண்டுகளில் குறை தீர்ந்துவிடுகிறது.

இந்த வழி செல்லாத மரம் ஒன்று நமது மாநிலத்திலேயே இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அது வளர்கிறது. மற்ற மரங்களைப் போலவே ஓங்கி நிற்கிறது, வேரூன்றிப் பரவுகிறது, பூக்கவும் பூக்கிறது. ஆயினும் அது காய்ப்பது மிகவும் அரிது. எனவே திரட்டுவதற்கு விதையில்லை. விதையில்லாததால் நாற்றங்காலும் இல்லை. இன்று நிற்கும் மரம் ஒன்று சாய்ந்தால், அதன் இடத்தை நிரப்ப அதன் குழந்தை ஒன்று கீழே காத்திருப்பதில்லை.

இம்மரம் ஏன் இந்நிலையில் இருக்கிறது, இதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைக் கடற்கரையோரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம். நட்டுப் பெருக்க முடியாத மரத்தைக் காக்கும் வழி, நட்டுப் பெருக்கும் மரத்தைக் காக்கும் வழியினின்றும் வேறுபட்டது.

காட்டின் அமைப்பு

சிதம்பரத்திற்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் பிச்சாவரம் இருக்கிறது. வடக்கே வெள்ளாறும், தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையே, ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளாகவும் அவற்றைச் சூழ்ந்த கால்வாய்களாகவும், ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில் இக்காடு அமைந்துள்ளது. 2022 ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

கடல்நீர் ஓதத்தில் ஏறி, வற்றத்தில் இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் மிகுந்து உப்பைக் குறைக்கிறது. கோடையில் நன்னீர் குறைந்து உப்பு மிகுகிறது. சேறு காற்றோட்டம் இல்லாதது. கால் வைத்தால் முழங்கால் வரை புதையும் தன்மையது. இத்தகைய இடத்தில் மாவும் பலாவும் ஒரு வாரம் உயிர் வாழமாட்டா. ஆனால் வெண்கண்டல், தில்லை, சுரபுன்னை முதலிய மரங்களுக்கு இதுவே பிறந்த வீடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்ததும் இவ்வகைக் காட்டு மரமே.

இவற்றுள் சுரபுன்னையை அடையாளம் காண்பது எளிது. தண்டினின்றும் கிளைகளினின்றும் வளைந்து இறங்கும் வேர்கள், பந்தலுக்கு ஊன்றிய முட்டுக்கால்களைப் போல மரத்தைத் தாங்கி நிற்கின்றன. கால்வாய்களின் இருகரையிலும், ஓதநீர் நாள்தோறும் வந்து போகும் விளிம்பில் இது மிகுதியாக வளர்கிறது. அதற்கு உட்புறமாக, உப்பு மிகுந்த மேட்டுப் பகுதிகளில் வெண்கண்டல் நிற்கிறது.

சுரபுன்னை இனம் பெருகும் முறை

நாம் பேச எடுத்துக்கொண்ட மரத்தின் குறையை அறிவதற்கு முன், குறையில்லாத சுரபுன்னை எவ்வாறு பெருகுகிறது என்பதைக் காண வேண்டும்.

சுரபுன்னையின் பூ சிறியது. நான்கு தடித்த புற இதழ்களும் நான்கு மெல்லிய அக இதழ்களும் கொண்டது. மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே எடுத்துச் செல்கிறது. தேனீக்களும் ஓரளவு உதவுகின்றன. சூற்பையில் நான்கு சூல்கள் இருந்தாலும், பொதுவாக ஒன்றே விதையாகிறது. பூத்த பூக்கள் யாவும் காயாவதில்லை, பெரும்பாலானவை உதிர்ந்துவிடுகின்றன. நல்ல மரத்திலும் நிலைமை இதுவே.

விதையான பின்னர் நடப்பது வியப்பானது. நெல்லும் உளுந்தும் தாய்ச் செடியை விட்டுப் பிரிந்த பின்னரே முளைக்கின்றன. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது. காயின் நுனியைப் பிளந்துகொண்டு பச்சை நிறத் தண்டு ஒன்று கீழ்நோக்கி நீளுகிறது. பார்ப்பதற்கு முருங்கைக்காய் தொங்குவது போல் இருக்கும். மொட்டுத் தோன்றியது முதல் இது முற்றி விழும் வரை ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் ஆகிறது. முற்றியதும் அது கழன்று விழுந்து, சேற்றில் நேராகக் குத்தி நிற்கலாம். அல்லது நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி வேர் விடலாம். உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினமாதலால், முளைத்த கன்றையே மரம் இறக்கி விடுகிறது.

அலையாத்திக் காடு வளர்ப்பவர்கள் இந்த முளைக்காய்களைத்தான் திரட்டி நடுகின்றனர். ஆகையால் காய் இல்லாவிடில் நடவும் இல்லை.

இரு சுரபுன்னைகளும் அவற்றின் கலப்பும்

பிச்சாவரத்தில் சுரபுன்னை இருவகையாக உள்ளது. தாவர நூலார் ஒன்றை ரைசோபோரா அபிகுலேட்டா என்றும், மற்றொன்றை ரைசோபோரா மியூக்ரனேட்டா என்றும் அழைப்பர். வசதிக்காக, இக்கட்டுரையில் முன்னதைக் குறுங்காய்ச் சுரபுன்னை என்றும், பின்னதை நெடுங்காய்ச் சுரபுன்னை என்றும் குறிப்போம். குறுங்காய் வகையின் முளைக்காய் சுமார் 20 முதல் 40 சென்டிமீட்டர் நீளம். நெடுங்காய் வகையின் முளைக்காய் அரை மீட்டரையும் தாண்டக்கூடும்.

பூவிலும் இலையிலும் வேறுபாடு உண்டு. குறுங்காய் வகையில் குட்டையான தடித்த காம்பில், இலைகளுக்குக் கீழே, இரண்டு இரண்டாகப் பூக்கள் அமைகின்றன. அக இதழ்களில் மயிர் இல்லை. நெடுங்காய் வகையில் இலைக்கக்கத்திலிருந்து வரும் நீண்ட காம்பில் பல பூக்கள் கொத்தாக வருகின்றன. அக இதழ்களின் ஓரத்தில் மயிர் அடர்ந்திருக்கிறது. இலை அகன்று, நுனியில் கூரிய முள் போன்ற முனையுடன் காணப்படுகிறது.

இவ்விரண்டிலும் சேராமல், இலையிலும் பூவிலும் இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றத்துடன் சில மரங்கள் நிற்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கே. கதிரேசன், 1995 ஆம் ஆண்டில் இம்மரத்தைப் புதியதோர் இனமாக விவரித்து, ரைசோபோரா அண்ணாமலையானா என்று தமது பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்கு இட்டார். பின்னர், சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதன் மரபுப் பொருளை ஆராய்ந்து, 1997 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குறுங்காய்ச் சுரபுன்னையும் நெடுங்காய்ச் சுரபுன்னையும் இயற்கையில் கலந்து பிறந்த மரமே இது என்பது அதனால் உறுதியாயிற்று. ஆதலின் இதனைக் கலப்புச் சுரபுன்னை என்று கூறலாம்.

இத்தகைய கலப்பு மரங்கள் அந்தமான் தீவுகளிலும் இலங்கையிலும் பதிவாகியிருக்கின்றன. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து வளரும் இடங்களிலேயே இவை காணப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. ஓரிடத்துக் கலப்பு மரம் காய்த்து, அக்காய் மிதந்து சென்று மற்றோரிடத்தில் காடாகப் பரவியது என்று கொள்வதற்கில்லை. அந்தந்த இடத்துப் பெற்றோருக்கு அந்தந்த இடத்திலேயே பிறந்தவை என்று கொள்வதே பொருத்தம்.

ஏன் காய்ப்பதில்லை?

விவசாயிகளுக்குக் கோவேறு கழுதையைத் தெரியும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த அது, சுமை இழுப்பதில் பெற்றோர் எவருக்கும் இளைத்ததன்று. ஆனால் அதற்குக் குட்டி பிறப்பதில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகளே இதற்குக் காரணம். குதிரைக்கு இவை 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. இனப்பெருக்கத்திற்கான அணுக்கள் உருவாகும் வேளையில், தந்தை வழி இழை ஒவ்வொன்றும் தாய் வழி இழை ஒன்றோடு இணை சேர்ந்து, பின்பு பிரிய வேண்டும். இணை பொருந்தாதபோது பங்கீடு குலைகிறது, அணு பயனற்றதாகிறது.

சுரபுன்னைகளில் எண்ணிக்கை வேறுபடுவதில்லை. இருவகைக்கும் 36 இழைகளே. அதாவது 18 இணைகள். ஆகையால் இங்கே குறை எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கை ஒன்றாயினும், இருவகையும் நெடுங்காலமாகத் தனித்தனி வழியில் மாறி வந்தவை. ஒரே எண்ணிக்கையில் பற்கள் உடைய இரு சக்கரங்கள், பற்களின் இடைவெளி வேறுபட்டால் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலமாட்டா அல்லவா? அதுபோலவே தொலைந்த உறவினரின் இழைகள் ஒரே அணுவில் சேர்ந்தாலும் நன்கு இணைவதில்லை. மரத்தின் வளர்ச்சிக்கு இதனால் தடையில்லை. தண்டும் இலையும் வேரும் உண்டாவதற்கு இழைகள் இணை சேர வேண்டியதில்லை. மகரந்தமும் சூலும் உண்டாகும் தறுவாயில்தான் குறை வெளிப்படுகிறது. மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் உயிர்ப்பற்றவையாகப் போகின்றன. மரம் பூக்கிறது, பூ உதிர்கிறது, காய் பிடிப்பதில்லை.

நல்ல மரத்திலேயே பூக்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும் என்று முன்பே கூறினோம். ஏற்கெனவே குறுகிய அந்த வழி, கலப்பு மரத்தில் அனேகமாக அடைபட்டே போகிறது.

எப்போதாவது ஒரு காய் பிடித்தாலும் இடர் தீர்வதில்லை. வீரிய ஒட்டுக் கம்பையோ சோளத்தையோ பயிரிட்டு, அதன் மணியையே மறுபோகத்துக்கு விதைத்தவர்கள் பயனை அறிவர். சில செடிகள் ஒரு பக்கத்து மூதாதையைப் போலவும், சில மறுபக்கத்து மூதாதையைப் போலவும் சிதறிப்போகின்றன. முதற்போகத்தின் ஒருமைப்பாடு மறைகிறது. கலப்புச் சுரபுன்னையின் கன்றும் தாயை அப்படியே ஒத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மற்ற வழிகளும் அடைபட்டவை

விதையில்லாமலும் வாழும் தாவரங்கள் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். நமது தோட்டத்து வாழைப்பழத்தில் விதை இல்லை. ஆயினும் வாழை அழியவில்லை. பக்கக்கன்று விட்டுத் தொடர்கிறது. கரும்பைக் கரணை வைத்துப் பயிரிடுகிறோம். மூங்கிலும் கோரையும் கிழங்கினின்று கிளைக்கின்றன. மலடான தாவரத்துக்கு இத்தகைய புறவழி ஒன்று இருந்துவிட்டால் கவலையில்லை.

சுரபுன்னைக்கு இவ்வழி இல்லை. அது பக்கக்கன்று விடுவதில்லை. வேரிலிருந்தும் முளைப்பதில்லை. வெட்டினால் துளிர்ப்பதும் இல்லை. வேம்பையும் புளியையும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கிளம்புகின்றன. அலையாத்தி மரங்களிலும் வெண்கண்டலும் தில்லையும் அவ்வாறே துளிர்க்கின்றன. சுரபுன்னையின் முதிர்ந்த தண்டிலோ உறங்கும் மொட்டுக்கள் உயிரோடு நிலைப்பதில்லை. ஆகவே அடியோடு வெட்டிய சுரபுன்னை அன்றோடு முடிந்தது. தடித்த கிளையை வெட்டினாலும் அந்த இடத்தில் மறுதளிர் எழுவது அரிது.

மற்றச் சுரபுன்னைகளுக்கு இது பெருங்குறையன்று. அவை காய் தருகின்றன. கலப்புச் சுரபுன்னைக்கோ காயும் இல்லை, கன்றும் இல்லை, துளிரும் இல்லை. விறகுக்காக ஒருவர் வெட்டும் வெண்கண்டல் கிளை இரண்டாண்டில் மீளலாம். அதே கத்தி கலப்புச் சுரபுன்னையின் அடியில் விழுந்தால், அந்த இழப்பை ஈடு செய்ய அந்த மரத்தால் ஆவது ஒன்றுமில்லை.

பதியன் போடும் முறையைச் சொல்வோரும் உண்டு. இளங்கிளையில் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப் பொருள் வைத்துக் கட்டி வேர் விடச் செய்யும் இம்முறை, அலையாத்தி மரங்களிலும் ஆராய்ச்சியாளரால் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் சில கன்றுகளைப் பெற இது உதவலாம். ஆனால் பதியன் கன்று தாய்மரத்தின் மறுபடியே அன்றிப் புதிய மரமன்று. ஒட்டு மாங்கன்றுகள் நூறு வைத்தாலும் அவை ஒரே மாமரத்தின் நூறு பிரதிகள் தாமே? ஒரு நோய்க்கு ஒன்று பலியாகுமானால் அனைத்தும் பலியாகும் அபாயம் அதில் உண்டு. அன்றியும், உயிரோடு நிற்கும் மரத்தின் கிளையை இதற்காகக் காயப்படுத்த வேண்டியிருக்கிறது. இது கற்றறிந்தோர் கையில் இருக்க வேண்டிய முறை. கிராமத்தில் பரவலாகச் செய்வதற்கு உரியதன்று.

காடே விதைப்பண்ணை

அப்படியானால் இன்றிருக்கும் கலப்பு மரங்கள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றும் நேராகப் பெற்றோரிடமிருந்து வந்தது. புதிய கலப்பு மரம் ஒன்று வேண்டுமானால், குறுங்காய் வகையும் நெடுங்காய் வகையும் மீண்டும் கலக்க வேண்டும்.

ஒட்டு விதை உற்பத்தி செய்யும் வயலைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஆண் வரிசையும் பெண் வரிசையும் அடுத்தடுத்து நடப்படுகின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி விதைப்பு நாளைக் கணக்கிடுகின்றனர். ஒரு வரிசை பட்டுப்போனால் மற்றொரு வரிசை எவ்வளவு செழித்தாலும் ஒட்டு விதை கிடையாது. பிச்சாவரத்தில் இந்த விதைப்பண்ணையைக் காடே நடத்துகிறது, கணக்கிடுவார் எவருமில்லை. இரு வகையும் அருகருகே நிற்க வேண்டும். இரண்டின் பூக்களும் ஒருங்கே திறந்திருக்க வேண்டும். காற்று உரிய திசையில் வீச வேண்டும். தன்னினத்து மகரந்தத்தை முந்திக்கொண்டு அயலினத்து மகரந்தம் சூலை அடைய வேண்டும். இத்தனையும் கூடிய பின்னரே கலப்புக் காய் ஒன்று உருவாகிறது.

உருவான காயும் மரமாவது உறுதியன்று. விழுந்த முளைக்காயை நண்டுகள் கொறிக்கின்றன. அலையும் நீரோட்டமும் சிலவற்றைப் பெயர்த்துச் செல்கின்றன. இளங்கன்றின் தண்டில் ஒட்டுச் சிப்பிகள் படிந்து வளர்ச்சியைத் தடுக்கின்றன. உப்பு மிகுந்து நீர் தேங்கிய பள்ளத்தில் விழுந்த கன்று கருகிப்போகிறது. காய்ப்பு மிகுந்த மரத்துக்கு இந்த இழப்புக்கள் பெரிதல்ல; ஆயிரத்தில் பத்துத் தங்கினாலும் காடு தழைக்கும். பிறப்பதே அரிதான மரத்துக்கு ஒவ்வோர் இழப்பும் பெரிது.

காட்டுக்கு நேர்ந்த பழைய கேடு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, சென்ற நூற்றாண்டின் எழுபதாம் ஆண்டுகளை ஒட்டிய காலம் வரை, இக்காட்டில் கூப்பு முறையில் மரம் வெட்டப்பட்டு வந்தது. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை முழுவதும் வெட்டிவிடுவது கூப்பு முறை. சில ஆண்டுகளில் காடு தானே முளைத்துவிடும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

நம்பிக்கை பலிக்கவில்லை. நிழல் நீங்கியதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகித் தாழ்ந்தது. நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அங்கே தேங்கியது. வெயில் நீரை வாங்கிக்கொண்டு உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, உமிரி போன்ற சிறு செடிகளைத் தவிர வேறொன்றும் முளைக்காத வெற்றிடங்கள் தோன்றின. பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆகையால் சிறிது பள்ளமும் பெருங்கேடாக முடிந்தது.

தொண்ணூறுகளில் வனத்துறையும், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், சுற்றுக் கிராமத்து மக்களும் சேர்ந்து இதற்குப் பரிகாரம் கண்டனர். தலைக்கால்வாய் ஒன்றும், அதிலிருந்து மீன்முள் போல இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைக்கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் தடையின்றி வந்து போயிற்று, உப்புக் கழுவப்பட்டது, கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. வெற்றிடங்களில் மீண்டும் காடு எழுந்தது. கிராம மக்களின் கூட்டுமுயற்சிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெட்டிய காட்டை மீட்பது இயலும். ஆனால் மீண்ட காடு பழைய காடே என்று எண்ணிவிடுதல் கூடாது. மீட்ட இடங்களில் பெரும்பாலும் உப்பைத் தாங்கும் வெண்கண்டலே முதலில் நிலைபெறுகிறது. கிடைப்பதற்கு எளிதான காயை மட்டும் திரட்டி நடும்போது, ஒரே வகை மரம் நெடுந்தூரம் பரவிவிடும். பசுமை கூடும், ஹெக்டேர்க் கணக்கும் கூடும். ஆனால் இருவகைச் சுரபுன்னையும் கலந்து நிற்கும் கரைகள் குறைந்துபோனால் கலப்புச் சுரபுன்னை பிறக்கும் வாய்ப்புக் குறைந்துவிடும். பரப்பளவு காட்டும் கணக்கில் இந்த நட்டம் தெரிவதில்லை.

காக்கத்தான் வேண்டுமா?

சந்ததி இல்லாத மரத்தைக் காத்து என்ன பயன் என்ற வினா எழுவது இயல்பே. இதற்கு மூன்று விடைகள் கூறலாம்.

முதலாவது, அது நிற்கும் வரையில் காட்டுக்கு உழைக்கிறது. அதன் முட்டுவேர்கள் மற்றச் சுரபுன்னை வேர்களைப் போலவே சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் ஒதுங்கிடம் தருகின்றன. இந்நீர்நிலைகளில் மீனும் இறாலும் பிடித்து வாழும் மீனவ, இருளர் குடும்பங்களின் பிழைப்பு இவ்வேர்களைச் சார்ந்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் வந்தபோது, கடலூர் மாவட்டக் கரையில் மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னே சேதம் குறைவாக இருந்தது என்று 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. எல்லாப் பேரலைக்கும் மரம் அரணாகும் என்று இதனால் கொள்ளக் கூடாது. ஆயினும் அடர்ந்த காட்டின் ஒவ்வொரு மரமும் கணக்கில் வரும்.

இரண்டாவது, இரு இனங்களின் பண்பு ஒரே உடலில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை ஆராய இம்மரம் உதவுகிறது. கடல் மட்டம் உயர்ந்து, உப்பு நிலத்தினுள் ஏறிவரும் காலத்தில், உப்பைத் தாங்கும் மரங்களைப் பற்றிய அறிவு வயலுக்கும் பயன்படும்.

மூன்றாவதே முக்கியமானது. கலப்புச் சுரபுன்னை நிற்குமிடம், இரு பெற்றோரும் அங்கே நலமாக அருகருகே வாழ்ந்தமைக்குச் சான்று. புதிய கலப்பு மரங்கள் தோன்றிவருமானால் காட்டின் உறவுகள் குலையவில்லை என்று பொருள். பழையவை மட்டும் முதிர்ந்து, புதியவை காணப்படாமற்போனால், காட்டுக்குள் ஏதோ ஒரு வரிசை அறுந்துவிட்டது என்பதை அது முன்கூட்டியே அறிவிக்கும்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

இம்மரத்தைப் பொறுத்தவரை நடவை விடக் காவலே பெரிது என்று கண்டோம். அதற்கேற்பச் சில பணிகளைக் குறிப்பிடலாம்.

நிற்கும் மரங்களை அறிந்து வைத்திருத்தல் முதற்பணி. 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்புக்கள் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். கரையோரப் பஞ்சாயத்துக்கள் தம் பதிவேட்டில் சுரபுன்னை என்று பொதுப்பட எழுதாமல், இரு வகையையும் கலப்பையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். படகோட்டிகளும் இறால் பிடிப்போரும் கால்வாய்களை நன்கறிந்தவர்கள். எந்த மரம் பூக்கிறது, எது காய்க்கவில்லை என்பதை அவர்கள் சொல்லக் கூடும். மரத்தை அடையாளமிடுவது காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியோடும் துணையோடும் நடைபெற வேண்டும்.

இரண்டாவது, வெட்டினால் துளிர்க்கும் மரம் எது, துளிர்க்காத மரம் எது என்பதைக் கிராமத்தார் அனைவரும் அறியச் செய்தல். கிராமசபைக் கூட்டத்தில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினாலும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இருவகை முளைக்காயையும் அருகருகே வைத்துக் காட்டினால், அவர்கள் வாழ்நாளில் மறவார்கள். சுற்றுலாவுக்கு வருவோர் படகிலிருந்து கிளைகளைப் பற்றி ஒடிப்பதையும் தடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, நடவு செய்யும்போது ஒரே வகையை நடாதிருத்தல். கால்வாய் விளிம்பில் குறுங்காயும் நெடுங்காயும் கலந்து நட வேண்டும். முளைக்காயைத் தொலைவிலிருந்து கொண்டுவருவதை விட, அதே காட்டில் தானே விழுந்த முற்றிய காய்களைப் பல மரங்களின் கீழிருந்து திரட்டுவதே சிறந்தது. இளம் கரைகளுக்குக் கால்நடை செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நீர் ஓடும்படி செய்தல். மீன்முள் கால்வாய்கள் ஒருமுறை வெட்டினால் என்றைக்கும் இருப்பவையல்ல. வண்டல் படிந்து தூர்ந்துவிடும். அவற்றை உரிய காலத்தில் தூர் வார வேண்டும். மழைக்காலத்தில் வடிகால்கள் வழியே வரும் நன்னீர் காட்டை அடையாதபடி கரை போடுவதோ, ஓடையைத் தூர்ப்பதோ, சாலை அமைக்கையில் நீர்வழியை அடைப்பதோ கூடாது. சாக்கடையையும் பிளாஸ்டிக் குப்பையையும் அந்நீரோடு அனுப்புவதும் கூடாது. வயலிலிருந்து வடியும் நீர் காட்டில் முடிகிறது. காட்டில் வளரும் இறால் சந்தைக்கு வருகிறது. உழவரும் மீனவரும் ஒரே கால்வாயின் இரு முனைகளில் இருப்பவர்கள்.

இறுதியாக ஒன்று கூறுவோம். அபிவிருத்திப் பணி என்றதும் நாம் புதிதாகச் செய்பவற்றையே எண்ணுகிறோம்; நட்ட கன்றுகளின் தொகையை அறிக்கையில் எழுதுகிறோம். கலப்புச் சுரபுன்னைக்காக எந்தப் பஞ்சாயத்தும் அவ்வாறு ஒரு தொகையை எழுத இயலாது. இவ்வாண்டு ஒன்றும் வெட்டப்படவில்லை, இரு பெற்றோரும் ஒரே கரையில் பூத்தன, கால்வாயில் நீர் ஓடிற்று என்பவையே எழுதக் கூடியவை. ஆண்டுதோறும் இம்மூன்றையும் உண்மையாக எழுத முடிந்த கிராமம், தன் கடமையை முழுமையாகச் செய்த கிராமமாகும். எஞ்சியதைக் காற்றும் ஓதமும் செய்யும்.